எச்சம் உரையானபோது: 'ஸ்டார் வார்ஸ்' முன்கதைப் படங்களும் இரசிகர் ஏமாற்றமும்

முன்னுரை

1998ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரு புதுமை நிகழ்ந்தது. வேறு படங்களுக்கு நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே சென்ற பலர், தொடக்கத்தில் காட்டப்பட்ட இரண்டு நிமிட முன்னோட்டத்தைப் பார்த்து முடித்தவுடன் படத்தைப் பாராமலேயே எழுந்து வெளியேறினர். அம்முன்னோட்டம் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் வரவிருந்த 'தி ஃபேண்டம் மெனஸ்' என்னும் படத்திற்குரியது. 1999ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் அப்படம் வெளியானது. அதனைக் காணத் திரையரங்கு வாயில்களில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தோரும் உண்டு. ஆனால், அதே இரசிகர்களிடமிருந்து அடுத்த சில மாதங்களில் எழுந்த கசப்பு, உலகத் திரைப்பட வரலாற்றில் பலராலும் இன்றுவரை பேசப்படும் ஒன்றாகும்.

இப்படங்கள் வணிக நோக்கில் தோற்றவை அல்ல என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். 'தி ஃபேண்டம் மெனஸ்' முதல் வெளியீட்டிலேயே உலகெங்கும் ஏறத்தாழ 92 கோடி டாலர் ஈட்டியது. 2012இல் முப்பரிமாண வடிவில் மீண்டும் வெளியிடப்பட்டபோது அதன் மொத்த வசூல் 100 கோடி டாலரைக் கடந்தது. ஆகவே, இரசிகர் படத்தைப் புறக்கணித்தனர் என்பதற்கில்லை. பார்த்தனர்; மீண்டும் பார்த்தனர்; பார்த்தும் மனம் நிறையவில்லை. இந்த நிறைவின்மைக்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

அமெரிக்க அறிவியற்புனைவுப் படம் ஒன்றைப் பற்றிய இவ்வினா தமிழாசிரியர்க்கு எவ்வகையில் பயன்படும் என்னும் ஐயம் எழலாம். முடிவு முன்னரே தெரிந்த கதையை ஒருவர் ஏன் விரும்பிக் கேட்கிறார், எப்போது வெறுக்கிறார் என்பது காப்பியங்களைக் கற்பிக்கும் நமக்கு அன்றாட வினாவாகும். அதற்கு விடை தேட இப்படங்கள் நல்லதொரு சான்றாக அமைகின்றன.

படங்களின் வரிசை

இவ்வரிசையை அறியாதோர்க்காகச் சுருக்கமான விளக்கம் இங்குத் தேவைப்படுகிறது. ஜார்ஜ் லூக்காஸ் எழுதி இயக்கிய முதற்படம் 'ஸ்டார் வார்ஸ்' என்னும் பெயரில் 1977ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியானது. அதனைத் தொடர்ந்து 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' 1980இலும், 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய்' 1983இலும் வந்தன. முறையே இர்வின் கெர்ஷ்னரும் ரிச்சர்ட் மார்குவாண்டும் அவற்றை இயக்கினர். கொடுங்கோற் பேரரசு ஒன்றை எதிர்த்து எழும் சிறு கூட்டம், அக்கூட்டத்தில் சேரும் லூக் ஸ்கைவாக்கர் என்னும் இளைஞன், அவனுக்கு எதிரியாய் நிற்கும் கருங்கவச வீரன் டார்த் வேடர் ஆகியோரைச் சுற்றியே இம்மூன்று படங்களும் அமைந்தன. டார்த் வேடரே லூக்கின் தந்தை என்னும் உண்மை இரண்டாம் படத்தின் இறுதியில் வெளிப்படுகிறது. அத்தந்தை தம் மகனால் மனம் திருந்தி இறப்பது மூன்றாம் படத்தின் முடிவாகும்.

1980இல் வந்த படத்திற்கு ஐந்தாம் பகுதி என்று பெயரிட்டிருந்தனர். 1981இல் முதற்படத்தை மறுவெளியீடு செய்தபோது அதற்கும் நான்காம் பகுதி என்னும் குறிப்பைச் சேர்த்தனர். எனவே, சொல்லப்படாத மூன்று பகுதிகள் முன்னே உள்ளன என்பதை இரசிகர் அன்றே அறிந்திருந்தனர். அப்பகுதிகளே 1999இல் 'தி ஃபேண்டம் மெனஸ்', 2002இல் 'அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்', 2005இல் 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' என வெளிவந்தன. மூன்றையும் லூக்காஸே இயக்கினார். அனகின் ஸ்கைவாக்கர் என்னும் நல்லுள்ளம் கொண்ட சிறுவன் எவ்வாறு டார்த் வேடராக மாறினான் என்பதை விளக்குவதே இம்மூன்றின் நோக்கம். மூலக்கதைக்குப் பின் உருவாகி, அதற்கு முன் நிகழ்ந்தவற்றைச் சொல்லும் இத்தகைய படங்களை ஆங்கிலத்தில் பிரிக்குவல் என்பர். நாம் இங்கு முன்கதைப் படம் எனச் சுட்டுகிறோம்.

முடிவு தெரிந்திருப்பது குறையா?

முன்கதைப் படங்களின் தோல்விக்குப் பலரும் எளிதாகக் கூறும் காரணம் ஒன்றுண்டு. முடிவு தெரிந்துவிட்டதால் சுவை கெட்டது என்பதே அது. அனகின் வேடராவான், அவனுடைய ஆசான் ஓபி-வான் கெனோபி பிழைத்திருப்பார், யோடாவும் பிழைத்திருப்பார் என்பவை அனைவரும் அறிந்தவை. பின் எதற்காக அஞ்ச வேண்டும், எதற்காக ஏங்க வேண்டும் என்பது அவர்களின் வாதம்.

இவ்வாதம் நிற்காது என்பதற்கு நம் மரபே சான்று. சிலப்பதிகாரத்தின் பதிகம் கோவலன் கொலையுண்டதையும் மதுரை எரிந்ததையும் நூலின் வாயிலிலேயே கூறிவிடுகிறது. பதிகம் பிற்காலச் சேர்க்கை என்பாரும் உளர். ஆயினும், அதனைப் படித்த பின்னரே தலைமுறை தலைமுறையாக நாம் காப்பியத்துக்குள் நுழைந்துள்ளோம். மங்கல வாழ்த்தில் தீவலம் வரும் மணமக்களைக் காணும்போது அவர்களுக்கு வரவிருப்பதை அறிந்தே காண்கிறோம். அவ்வறிவு சுவையைக் கெடுக்கவில்லை. மாறாக, அம்மங்கலத்தின்மீது ஒரு நிழலை விழச் செய்து சுவையை மிகுவிக்கிறது. தெருக்கூத்தில் 'கர்ண மோட்சம்' காண வருவோருள் கர்ணன் இறப்பான் என்பதை அறியாதார் யார்? அறிந்தே வருகின்றனர், விடியும்வரை விழித்திருக்கின்றனர், அழுகின்றனர்.

எனவே, 'என்ன நிகழும்' என்னும் வினா அடைபட்ட கதையில் 'எவ்வாறு நிகழ்ந்தது', 'வேறு வகையில் நிகழ்ந்திருக்கக் கூடாதா' என்னும் இரு வினாக்கள் வலுப்பெறுகின்றன எனலாம். முடிவு தெரிந்த கதைக்கு அவ்விரண்டே உயிர். 'ஸ்டார் வார்ஸ்' முன்கதைப் படங்கள் இவ்விரு வினாக்களையும் எவ்வாறு கையாண்டன என்று நோக்கினால் ஏமாற்றத்தின் வேர் புலப்படும்.

எச்சமும் இரசிகரும்

தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுள் உறுப்புகள் முப்பத்து நான்கனுள் ஒன்றாக எச்சத்தைக் கூறுகிறது. சொல்லாலோ குறிப்பாலோ முற்றுப்பெறாமல் நின்று, கேட்போர் தாமே கொண்டு முடிக்குமாறு விடப்படுவது எச்சம். ஜெர்மானியத் திறனாய்வாளர் வுல்ஃப்காங் ஐசர் 1970களில் முன்வைத்த வாசிப்புக் கொள்கையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. பனுவலில் விடப்படும் இடைவெளிகளை நிரப்புவதன் வழியாகவே வாசகர் பொருளை உருவாக்குகிறார் என்பது அவர் கருத்து. இரண்டும் வெவ்வேறு காலத்திலும் சூழலிலும் தோன்றியவை எனினும், சொல்லப்படாதது குறையன்று, அது வாசகர்க்கு விடப்பட்ட இடம் என்னும் புள்ளியில் ஒன்றுபடுகின்றன.

1977ஆம் ஆண்டுப் படம் எச்சங்களால் நிறைந்தது. முதிய ஓபி-வான் பாலைநிலக் குடிலில் அமர்ந்து லூக்கிடம் அவன் தந்தையைப் பற்றிப் பேசும் காட்சி ஒன்று அதில் உண்டு. குளோன் போர்கள் எனப்படும் பழைய போர் ஒன்றில் தாம் ஈடுபட்டதையும், லூக்கின் தந்தை விண்கலம் செலுத்துவதில் நிகரற்றவர் என்பதையும், அவர் தமக்கு நல்ல நண்பராக விளங்கினார் என்பதையும் அவர் சில தொடர்களில் கூறி முடிக்கிறார். அப்போர் எது, யார் யாரோடு பொருதனர், அந்நட்பு எத்தகையது என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. அலெக் கின்னஸ் என்னும் பெருநடிகரின் குரலில் இருந்த தயக்கம் மட்டுமே மிச்சம். அத்தயக்கத்தைக் கேட்ட சிறுவர்கள் இருபத்திரண்டு ஆண்டுகள் தம் மனத்தில் அப்போரை நடத்தினர், அந்நட்பை வளர்த்தனர். இரசிகர் எழுதிய கதைகளிலும் சிறுவர் விளையாட்டுகளிலும் அவ்வெச்சம் ஆயிரம் வகையாக முடிக்கப்பட்டது. ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில், இரசிகர் என்போர் வெறும் நுகர்வோர் அல்லர், பனுவலைத் தமதாக்கி மீண்டும் படைப்போர் என நிறுவியதும் இத்தகைய செயற்பாடுகளை நோக்கியே ஆகும்.

இவ்வாறு இரசிகர் தம் உள்ளத்தே கட்டியதோடு எந்தப் படமும் போட்டியிட்டு வெல்வது அரிது. ஆயினும், முன்கதைப் படங்களின் சிக்கல் அதனினும் ஆழமானது. இரசிகர் எந்த எச்சத்தை நிரப்புமாறு வேண்டினரோ, அதனை அப்படங்கள் பெரும்பாலும் நிரப்பவே இல்லை. முதற்படத்தில் அனகின் ஒன்பது வயதுச் சிறுவன். அவனைக் கண்டெடுத்து அன்பு காட்டுபவர் குவை-கோன் ஜின் என்னும் வேறோர் ஆசான். ஓபி-வான் அவனோடு பேசும் இடங்களோ மிகச் சில. இரண்டாம் படத்தில் தொடக்கத்துத் துரத்தற்காட்சி முடிந்ததும் இருவரும் பிரிந்து வெவ்வேறு கோள்களுக்குச் சென்றுவிடுகின்றனர். அப்படத்தின் முடிவில்தான் குளோன் போர் தொடங்குகிறது. மூன்றாம் படம் தொடங்கும்போதோ அப்போர் முடியும் தறுவாயில் உள்ளது. அதாவது, ஓபி-வான் நினைவுகூர்ந்த போரும் நட்பும் இரண்டாம் படத்திற்கும் மூன்றாம் படத்திற்கும் இடையில், திரைக்கு வெளியே நிகழ்ந்துவிடுகின்றன. 2008 முதல் 2020 வரை வந்த 'தி குளோன் வார்ஸ்' அசைவூட்டத் தொடர் பின்னாளில் அவ்விடத்தை நிரப்பி நற்பெயர் பெற்றமை, இரசிகர் எதனைத் தேடினர் என்பதற்குத் தக்க சான்றாகும்.

குறிப்பு விளக்கமாகும்போது

வேண்டிய எச்சம் நிரப்பப்படாத அதே வேளையில், வேண்டாத எச்சங்கள் பல நிரப்பப்பட்டன. இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது 'ஃபோர்ஸ்' எனப்படும் பேராற்றல் பற்றிய விளக்கமாகும். மூலப் படங்களில் அது எல்லா உயிர்களிடமிருந்தும் எழுந்து அண்டத்தைப் பிணைக்கும் ஆற்றல் எனக் குறிப்பாகச் சொல்லப்பட்டது. 1980ஆம் ஆண்டுப் படத்தில் சேற்று நிலத்தில் வாழும் சிறிய உருவினராகிய யோடா, மூழ்கிய விண்கலத்தை அவ்வாற்றலால் எழுப்பிக் காட்டும்போது, லூக்கோடு சேர்ந்து நாமும் வியக்கிறோம். உடல் சிறிதாயினும் உள்ளம் ஒருங்கினால் எதுவும் கைகூடும் என்னும் பொருள் அக்காட்சியில் தானே விளைகிறது.

1999ஆம் ஆண்டுப் படம் அதற்கு ஓர் அளவுகோலைத் தந்தது. உயிரணுக்களில் வாழும் மிடிகுளோரியன் என்னும் நுண்ணுயிர்களின் எண்ணிக்கையே பேராற்றலின் அளவைத் தீர்மானிப்பதாக அது விளக்குகிறது. சிறுவன் அனகினின் குருதியைச் சோதித்து, அவ்வெண்ணிக்கை 20,000ஐத் தாண்டுகிறது, யோடாவுக்கும் அவ்வளவு இல்லை என்று பேசிக்கொள்கின்றனர். இரசிகர் இதனால் வருந்தியது அறிவியல் விளக்கம் தரப்பட்டதற்காக மட்டும் அன்று. பயிற்சியாலும் மன அடக்கத்தாலும் எய்தக்கூடியதாகத் தோன்றிய ஒன்று, குருதியில் எண்ணி அறியும் பிறப்புரிமையாகச் சுருங்கியது. பேராற்றல் குடிவழியாக வருவது என்னும் குறிப்பு 1983ஆம் ஆண்டுப் படத்திலேயே உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், குறிப்பாக நின்றது எண்ணாக மாறியபோது, திரைமுன் அமர்ந்திருந்த சிறுவன் 'நானும் ஆகலாம்' என்று எண்ணுவதற்கு இருந்த வாயில் அடைபட்டது.

இதனோடு தொடர்புடையது உலகம் சுருங்கிய குறை. சி-3பிஓ என்னும் பொன்னிற இயந்திர மனிதனைச் சிறுவன் அனகினே உருவாக்கினான் என முதற்படம் கூறுகிறது. மூலப் படங்களில் சில காட்சிகளிலேயே தோன்றி மருட்டிய போபா ஃபெட் என்னும் கூலி வீரனுக்கு இரண்டாம் படத்தில் பிள்ளைப் பருவம் படைக்கப்படுகிறது. மூன்றாம் படத்தில் யோடாவுக்கும் சூபாக்காவுக்கும் பழைய நட்பு இருந்ததாகக் காட்டப்படுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே சிறு செய்திதான். ஒருங்கே நோக்கினால், எண்ணற்ற கோள்கள் கொண்ட பேரண்டம் ஒரே தெருவில் வாழும் உறவினர் கூட்டமாகக் குறுகிவிடுகிறது. முதற்படம் தந்த பெருவெளி உணர்வு இதனால் குன்றியது.

முரண்களும் ஏற்பட்டன. 1983ஆம் ஆண்டுப் படத்தில் லேயா தன்னைப் பெற்ற தாயின் முகத்தை மங்கலாக நினைவுகூர்கிறாள். 2005ஆம் ஆண்டுப் படத்தில் அத்தாய் பத்மே, இரட்டைக் குழந்தைகளை ஈன்ற சற்று நேரத்தில் உயிர் துறக்கிறாள். கதையின் கணக்கில் இது சிறு பிழை. ஆனால், அந்த மங்கலான நினைவின் துயரத்தைப் போற்றி வைத்திருந்த இரசிகர்க்கு, தாம் காத்த ஒன்றைப் படைப்பாளரே மறந்துவிட்டார் என்னும் உணர்வை அது தந்தது.

வீழ்ச்சிக்குரிய காரணம்

முன்கதைப் படங்கள் தம் மையப் பொருளாகக் கொண்ட அனகினின் வீழ்ச்சியை இனி நோக்குவோம். இக்கதையின் கரு வலிமையானது. தாயை இழந்த ஒருவன் மனைவியையும் இழப்பதாகக் கனவு காண்கிறான். அவளைக் காக்கும் வழியைத் தீயோனிடம் தேடுகிறான். அத்தேட்டமே அவளுடைய சாவுக்குக் காரணமாகிறது. எந்த நாட்டுத் துன்பியல் நாடகமும் ஏற்கத்தக்க கரு இது. மூன்றனுள் 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' மட்டும் ஓரளவு நன்மதிப்பைப் பெற்றதற்கு இதுவே காரணம் எனலாம்.

எனினும், இக்கருவுக்கு ஒதுக்கப்பட்ட இடம் போதவில்லை. முதற்படம் வணிக வழிகளின் வரி பற்றிய பூசலில் தொடங்கி, விண்கல ஓட்டப் பந்தயத்தில் நெடுநேரம் செலவிடுகிறது. அனகினின் வீழ்ச்சிக்கு அதில் இடப்படும் வித்து, தாயைப் பிரியும் துயரம் ஒன்றே. இரண்டாம் படத்தில் தாயைக் கொன்ற பாலைநிலக் கூட்டத்தாரைப் பெண்டிர், பிள்ளை என்று பாராமல் அவன் கொன்று குவிக்கிறான். இதனைக் கேட்ட பத்மே அவனைத் தேற்றுகிறாள். பின் மணந்தும் கொள்கிறாள். அக்கொலைகள் அவ்விருவரிடையே எவ்விதப் பிளவையும் உண்டாக்கியதாகப் படம் காட்டவில்லை. மூன்றாம் படத்தில், பேரமைச்சர் பால்படினே மறைந்திருந்த பகைவன் என்று தானே அறிவிக்கும் அனகின், அன்றே அவன்முன் மண்டியிடுகிறான். அவ்விரவே ஜெடாய்க் கோயிலுக்குச் சென்று சிறுவர்களைக் கொல்கிறான். மனைவிக்காக அஞ்சியவன் என்பதிலிருந்து குழந்தைகளைக் கொல்பவன் என்பதற்கு இடைப்பட்ட தூரத்தைக் கடக்கப் படம் சில நிமிடங்களையே எடுத்துக்கொள்கிறது.

கர்ணன் கதையை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். வஞ்சம் என அறிந்தே அவன் கவச குண்டலங்களை ஈகிறான். நாகக்கணையை ஒரு முறைக்குமேல் தொடுப்பதில்லை எனத் தாய்க்கு வாக்களிக்கிறான். ஒவ்வோர் இடத்திலும் அவனுக்கு வேறு வழி இருந்தது. அவன் இயல்பே அவ்வழியை மூடியது. அதனால்தான் முடிவு தெரிந்தும் ஒவ்வொரு முறையும் 'இம்முறையேனும் மறுத்துவிடக் கூடாதா' என்று கூத்துக் காண்போர் ஏங்குகின்றனர். அனகினைக் காணும்போது இரசிகர்க்கு அவ்வேக்கம் பிறக்கவில்லை. அவன் வேடராக வேண்டும் என்பதால் வேடரானான். தெரிந்த முடிவு அவன் செயலுக்குக் காரணமாகிவிட்டது. செயல் முடிவுக்குக் காரணமாகவில்லை.

கணினி வரைகலை மிகுந்தமை, நடிகர் வெற்று நீலத்திரைமுன் நின்று நடித்தமை, காதல் உரையாடல்கள் செயற்கையாக ஒலித்தமை முதலியனவும் குறைகளாகக் கூறப்படுவதுண்டு. அவை உண்மையே. ஆயினும், மேற்கண்ட அடிப்படைக் குறை இல்லையாயின் அவற்றை இரசிகர் பொறுத்திருப்பர் என்பதே நம் கருத்து. 1977ஆம் ஆண்டுப் படத்தின் உரையாடலும் அத்துணைச் சிறந்ததன்று.

இரசிகரின் வயதும் உரிமையும்

ஏமாற்றத்தின் ஒரு பகுதி திரையில் இல்லை. திரைமுன் இருந்தவரிடம் உள்ளது. 1977இல் பத்து வயதாயிருந்தவர் 1999இல் முப்பத்திரண்டு வயதினர். அவர் தேடி வந்தது ஒரு படத்தை மட்டும் அன்று. அப்படத்தை முதன்முதலாகப் பார்த்த தம் சிறு வயதையும் தேடியே வந்தார். லூக்காஸோ புதிய சிறுவர்களுக்காகப் படம் எடுத்தார். வாசகரின் எதிர்பார்ப்பு எல்லை பற்றி ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் கூறிய கருத்து இவ்விடத்தில் முழுமையாகப் பொருந்துகிறது. படைப்பு ஓர் எல்லையை நோக்கியும் இரசிகர் வேறோர் எல்லையிலும் நின்றனர்.

1997இல் மூலப் படங்களையே திருத்தி வெளியிட்டதன் வழி லூக்காஸ் ஏற்கெனவே இரசிகரின் சினத்துக்கு ஆளாகியிருந்தார். கதை எழுதியவர்க்குச் சொந்தமா, காத்து வளர்த்தவர்க்குச் சொந்தமா என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. முன்கதைப் படங்கள் அவ்வழக்கைக் கூர்மையாக்கின. 'தி ஃபேண்டம் மெனஸ்' படத்தை இரசிகர் ஒருவர் தாமே வெட்டித் திருத்திப் பரப்பிய நிகழ்வும் உண்டு.

இவ்வுரிமையுணர்வின் இருண்ட பக்கத்தையும் நாம் கூறாமல் விடுதல் முறையன்று. ஜார் ஜார் பிங்க்ஸ் என்னும் நகைப்புப் பாத்திரம் பெரும் வெறுப்புக்கு இலக்கானது. அப்பாத்திரமும் வேறு சில வேற்றுலகப் பாத்திரங்களும் இனச்சார்பான பழைய கேலிச் சித்திரிப்புகளை நினைவூட்டின என்னும் திறனாய்வு நியாயமானது. பல்லின நாட்டில் வாழும் நாம் அதனை எளிதில் உணரலாம். ஆனால், சினம் படைப்பை விட்டு நடித்தவரைச் சுட்டது. அப்பாத்திரத்தில் நடித்த அகமது பெஸ்ட், அந்நாள்களில் தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் எல்லைவரை சென்றதை 2018இல் வெளிப்படையாகத் தெரிவித்தார். 2023இல் 'தி மாண்டலோரியன்' தொடரில் அவர் ஜெடாய் வீரராகத் தோன்றியபோது இரசிகர் அவரை மகிழ்வோடு வரவேற்றனர். அவ்வரவேற்பு வர இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. ஒரு கதையின்மீது கொண்ட பற்று, அக்கதையில் நடித்த மனிதரைக் காணாதவாறு கண்ணை மறைக்கக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

மாற்றுச் சான்றுகள்

நம் கருத்தைச் சோதித்துப் பார்க்க அதே வரிசையில் பின்னர் வந்த முன்கதைகள் உதவுகின்றன. 2012இல் டிஸ்னி நிறுவனம் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தை 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அதன்பின் 2016இல் வந்த 'ரோக் ஒன்', 1977ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்தில் ஒரு வரிச் செய்தியாக நின்ற பகைவர் கோட்டை வரைபடத் திருட்டைக் கதையாக்கியது. திருட்டு வெற்றி பெறும் என்பது தெரிந்ததே. ஆனால், அதற்காக யார் எதனை இழந்தனர் என்பது தெரியாது. அவ்விழப்பையே படம் பொருளாகக் கொண்டது. நல்ல வரவேற்பையும் பெற்றது. அப்படத்தில் இறக்கும் ஒருவனுடைய முன்வாழ்வைக் கூறும் 'ஆண்டோர்' தொடர் 2022இலும் 2025இலும் இரு பருவங்களாக வந்து பெரும் பாராட்டுக்குரியதாயிற்று. அவன் இறப்பான் என்பது முதற்காட்சிக்கு முன்பே தெரியும். எளிய திருடன் ஒருவன் அச்சாவை ஏற்கும் மனிதனாக எவ்வாறு மாறினான் என்பதே வினா. அவ்வினாவுக்கு இருபத்து நான்கு பகுதிகள் பொறுமையாக விடை தேடுகின்றன.

மாறாக, 2018இல் வந்த 'சோலோ' படம், ஹான் சோலோ என்னும் வீரனுக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது, துப்பாக்கி எவ்வாறு கிடைத்தது, விண்கலம் எவ்வாறு கைக்கு வந்தது என ஒவ்வொரு குறிப்பெச்சத்துக்கும் உரை எழுதியது. உலகளவில் அதன் வசூல் 40 கோடி டாலரை எட்டவில்லை. யாரும் வினவாத வினாக்களுக்கு விடை கூறியதே அதன் குறை எனலாம்.

பார்க்கும் வரிசை பற்றிய சான்றும் உண்டு. 2011இல் ஓர் இரசிகர், நான்காம், ஐந்தாம் பகுதிகளை முதலில் பார்த்து, வேடரே தந்தை என்பது வெளிப்பட்டவுடன் இரண்டாம், மூன்றாம் பகுதிகளைப் பார்த்து, ஆறாம் பகுதியோடு முடிக்குமாறு ஒரு வரிசையைப் பரிந்துரைத்தார். அது விரைவில் பரவியது. அவ்வரிசையில் முன்கதை தொடக்கமாக அன்றி, நடுவே எழும் நினைவாக அமைகிறது. 'எவ்வாறு இப்படியானார்' என்னும் வினா மகனுக்கும் நமக்கும் ஒருங்கே எழுந்த பின் விடை வருகிறது. படம் மாறவில்லை, இடம் மாறியதும் பயன் மாறுகிறது.

மேலும், முன்கதைப் படங்களையே சிறு வயதில் முதலில் பார்த்த தலைமுறை இன்று வளர்ந்துவிட்டது. அவர்களுக்கு இருபதாண்டுக் கனவு இல்லை. ஆகவே ஏமாற்றமும் இல்லை. 2025 ஏப்ரலில் 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' மீண்டும் திரையிடப்பட்டபோது அது பெருங்கூட்டத்தை ஈர்த்தது. மக்களாட்சி ஒன்று கைதட்டலோடு தன் அதிகாரத்தை ஒருவனிடம் ஒப்படைப்பதைக் காட்டும் அதன் அரசியலும் முன்னினும் கூர்ந்து கவனிக்கப்படுகிறது. ஒரு காலத்தார் குறையென்றதை மறு காலத்தார் நிறையென்பது இலக்கிய வரலாற்றில் புதிதன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், முன்கதைப் படங்கள் ஏமாற்றியதற்கு முடிவு தெரிந்திருந்தமை காரணமன்று என்பது தெளிவாகிறது. இரசிகர் உள்ளத்தே வளர்ந்த எச்சத்தை உணர்வால் நிறைக்காமல் செய்தியால் அடைத்தமையும், வீழ்ச்சிக்குரிய அகக் காரணத்தை முடிவின் கட்டாயத்துக்கு விட்டுவிட்டமையுமே முதன்மைக் காரணங்களாம். இரசிகரின் வயதும் உரிமையுணர்வும் அவ்வேமாற்றத்தைக் கசப்பாக மாற்றின.

இம்முடிவு வகுப்பறைக்கும் பொருந்தும். சிலப்பதிகாரத்திலேயே ஒரு முன்கதை உண்டு. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்பானாக இருந்து, சங்கமன் என்னும் வணிகனைப் பொய்ப்பழி கூறிக் கொல்வித்ததும், அவன் மனைவி நீலி சபித்ததும் அம்முன்கதை. அதனை இளங்கோவடிகள் தொடக்கத்தில் வைக்கவில்லை. மதுரை எரிந்தபின், கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வத்தின் வாயில் சுருக்கமாக வைக்கிறார். கண்ணகியின் சினத்தை நாம் முழுதும் உணர்ந்து, 'ஏன் இவ்வாறு ஆயிற்று' என்று நாமே கேட்கும் இடத்தில் அது வருகிறது. அவ்விளக்கம் நமக்கு நிறைவளிக்கிறதா என்பது வேறு வினா. வினா பிறந்த பின்னரே விடை வருகிறது என்பதே இங்குக் கருதத்தக்கது.

நாமோ பல வேளைகளில் பாடலுக்கு முன்பே ஆசிரியர் வரலாறு, கதைப் பின்னணி, பாத்திரங்களின் முற்பிறப்பு என அனைத்தையும் மாணவர் முன் வைத்துவிடுகிறோம். தேர்வுக்கு அது உதவும். ஆனால், மாணவர் தாமே நிரப்பியிருக்கக்கூடிய இடத்தை நாம் முன்கூட்டியே நிரப்பிவிடுகிறோம். பின்னர், அவர்களுக்கு இலக்கியத்தில் ஆர்வமில்லை என்று வருந்துகிறோம். முதலில் பாடலைக் கொடுத்து, எச்சம் அவர்களுள் சிறிது காலம் கிடக்க விடுவோம். மாணவர் கேட்கும்போது முன்கதையைச் சொல்லலாம்.